வேதம் வாசிக்கிறேன், ஆனால் விளங்கவில்லை: என்ன செய்வது?

"வேதாகமத்தை ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரை இரண்டு தடவை முடித்துவிட்டேன். தினமும் மூன்று, நான்கு அதிகாரம். எந்த ராஜா யாருக்கு மகன், பவுல் எந்தப் பட்டணத்துக்கு எப்போது போனார், எல்லாம் சொல்லத் தெரியும். ஆனால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. ஆவியானவர் போதிப்பார், வேறு புத்தகம் எதையும் தொடாதே என்கிறார் ஒருவர். கிரேக்கமும் எபிரெயமும் தெரியாமல் வேதம் விளங்காது என்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்வது?" இதுதான் ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி. கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். இதே இடத்தில் நானும் பல வருஷம் நின்றவன்.

சகோதரி, இரண்டு தடவை முடித்தது வீண் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அறுபத்தாறு புத்தகம், 1189 அதிகாரம். ஒரு வருஷத்தில் முடிக்க வேண்டுமானால் நாளுக்கு மூன்றேகால் அதிகாரம் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் எது எங்கே இருக்கிறது என்று பிடிபடும். ரயிலில் போகிறவருக்கு ஊர்களின் பெயரும் வரிசையும் தெரிவது போல. அது தேவைதான், பின்னால் மிகவும் உதவும். ஆனால் எந்த ஊரிலும் நீங்கள் இன்னும் இறங்கவில்லை. இப்போது இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

இறங்குவது என்றால் என்ன என்பதைச் சொல்லிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுவது நல்லது. மாற்கு சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீஷர்கள் படகில் இருக்கிறார்கள். அப்பம் எடுத்துவர மறந்துவிட்டார்கள், கையில் ஒரே ஒரு அப்பம். அதைப் பற்றியே பேசிக்கொள்கிறார்கள். இயேசு கேட்கிறார்: கண்களிருந்தும் காணாதிருக்கிறீர்களா? ஐந்தப்பம் பங்கிட்டபோது மீந்ததை எத்தனை கூடை எடுத்தீர்கள்? பன்னிரண்டு என்கிறார்கள். ஏழப்பம் பங்கிட்டபோது? ஏழு என்கிறார்கள். கணக்கு சரி. இரண்டு பதிலும் பிழையில்லாமல் வருகிறது. அப்புறமும் அவர், இன்னும் உணராதிருக்கிறது எப்படி என்றுதான் கேட்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு இந்தப் படகுதான் ஞாபகம் வந்தது. விவரம் எல்லாம் தெரியும், விளங்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் அவரோடு ஒரே படகில்தான் இருந்தார்கள், அவர் அவர்களை இறக்கிவிடவில்லை.

படகு கரை சேர்ந்ததும் பெத்சாயிதாவில் ஒரு குருடனைக் கொண்டுவருகிறார்கள். இயேசு அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப்போகிறார், கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, எதையாகிலும் காண்கிறாயா என்று கேட்கிறார். அவன் ஏறிட்டுப் பார்த்து, "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான். பார்வை வந்திருக்கிறது, ஆனால் மங்கல். மறுபடியும் கைகளை வைத்த பிறகுதான் தெளிவாகத் தெரிகிறது. சுவிசேஷங்களில் இரண்டு கட்டமாக நடந்த சுகம் இது ஒன்றுதான், அதை மாற்கு மட்டுமே எழுதியிருக்கிறார். ஒரு வார்த்தையில் புயலை அடக்கியவருக்கு இங்கே இரண்டு தரம் ஏன் தேவைப்பட்டது என்று எனக்குப் பல நாள் குழப்பம்.

அடுத்த பகுதியைச் சேர்த்து வாசித்தால் காரணம் தெரிகிறது. "நீர் கிறிஸ்து" என்று பேதுரு சொல்கிறார். சரியான பதில். உடனே இயேசு, தாம் பாடுபட்டுக் கொல்லப்பட வேண்டும் என்று சொல்லத் தொடங்குகிறார். அதே பேதுரு அவரைத் தனியே கூட்டிப்போய்க் கடிந்துகொள்கிறார். மனுஷர் மரங்களைப் போலத் தெரிகிறார்கள்! கிறிஸ்து என்று கண்டுவிட்டார், எப்படிப்பட்ட கிறிஸ்து என்று காணவில்லை. ஒன்பதாம் அதிகாரத்தில் இயேசு இரண்டாம் தடவை தம் மரணத்தைச் சொல்கிறார். சீஷர்கள் வழியில், தங்களில் யார் பெரியவன் என்று வாதாடுகிறார்கள். பத்தாம் அதிகாரத்தில் மூன்றாம் தடவை சொல்கிறார். யாக்கோபும் யோவானும் வந்து உமது மகிமையில் வலது பக்கமும் இடது பக்கமும் எங்களுக்கு வேண்டும் என்கிறார்கள். இதெல்லாம் முடிந்த இடத்தில் எரிகோ, அங்கே வழியருகே உட்கார்ந்திருக்கும் இன்னொரு குருடன், பர்திமேயு. ஆக, ஒரு குருடனில் தொடங்கி இன்னொரு குருடனில் முடிகிற நீண்ட பகுதி இது. நடுவில் நடந்து போகிறவர்கள் எல்லாரும் கண் உள்ளவர்கள், அவர்களுக்குத்தான் எதுவும் தெரியவில்லை.

ஒரு கட்டத்தில் நான் மாற்கு பத்தாம் அதிகாரத்தை ஒரு நோட்டில் கையால் எழுதிப் பார்த்தேன். வேறு நோக்கம் இல்லை, வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான். முப்பத்தாறாம் வசனத்தில் யாக்கோபையும் யோவானையும் பார்த்து, உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்கிறார். எழுதினேன். ஐம்பத்தோராம் வசனம் வந்தபோது பேனா நின்றுவிட்டது. பர்திமேயுவைப் பார்த்து, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்கிறார். அதே கேள்வி! ஒரே அதிகாரத்தில், பதினைந்து வசன இடைவெளியில். கூடவே இருந்த இருவர் நாற்காலி கேட்டார்கள். தெருவோரம் பிச்சைக்கு உட்கார்ந்திருந்தவன், "ஆண்டவரே, நான் பார்வையடையவேண்டும்" என்றான். எத்தனையோ முறை வாசித்திருந்தும் இது என் கண்ணில் பட்டதே இல்லை. அன்று அந்தக் கேள்வி மூன்றாம் முறையாக என்னைப் பார்த்துக் கேட்கப்பட்டது போல இருந்தது. அதுவரை ஜெபத்தில் நான் கேட்டதையெல்லாம் யோசித்தேன். பெரும்பாலும் நாற்காலிகள்.

அப்புறம் இன்னொன்றும் தெரிந்தது. முதலில் அவன் இருப்பது வழியருகே. பார்வை வந்ததும் அவன் "வழியிலே இயேசுவுக்குப் பின்சென்றான்" என்று முடிகிறது. அந்த வழி எருசலேமுக்குப் போகிற வழி, சிலுவைக்குப் போகிற வழி. சீஷர்கள் அதே வழியில் பயந்து பயந்து போனார்கள் என்று முப்பத்திரண்டாம் வசனத்தில் இருக்கிறது.

இதற்கெல்லாம் எனக்குக் கிரேக்கம் தேவைப்படவில்லை. நேரம் தேவைப்பட்டது, ஒரு நோட்டும் பேனாவும் தேவைப்பட்டன. சகோதரி, ஆவிக்குரிய புரிதல் என்று நீங்கள் தேடுவது தனியாக ஓர் இரகசிய அர்த்தம் கிடைப்பது என்று எண்ண வேண்டாம். பக்கத்தில் எழுதியிருப்பதையே நின்று பார்க்கிறோம். ஏதோ ஒரு கட்டத்தில், பார்த்துக்கொண்டிருந்தது திரும்பி நம்மைப் பார்க்கிறது. முதல் பாதி நம் கையில் இருக்கிறது. இரண்டாம் பாதியை நாம் உண்டாக்க முடியாது, காத்திருக்கலாம், கேட்கலாம். நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதக்காரன், வேதத்தின் மேல் அவ்வளவு பிரியம் வைத்து 176 வசனம் பாடியவன், "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்" என்று கேட்கிறான். பர்திமேயு கேட்டதும் அதுவேதானே.

வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று சொன்னேன். முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் என்று வருகிறது. தியானம் என்றதும் நமக்குக் கண்ணை மூடி, வாயை மூடி, அசையாமல் உட்கார்ந்திருக்கும் உருவம் மனதில் வரும். எபிரெயத்தில் அங்கே இருக்கும் வினைச்சொல் சத்தத்தைக் குறிக்கிறது. ஏசாயா புத்தகத்தில் சிங்கம் இரையின்மேல் உறுமுவதற்கும் அதே சொல்தான், எசேக்கியா ராஜா வியாதியில் "புறாவைப்போல் புலம்பினேன்" என்று சொல்வதற்கும் அதே சொல்தான். வாய்க்குள் முணுமுணுத்துச் சொல்லிக்கொண்டே இருப்பது. அந்தக் காலத்தில் வாசிப்பு பெரும்பாலும் வாய்விட்டு வாசிப்பதுதான். அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறான். பிலிப்பு பக்கத்தில் ஓடி வரும்போது அவன் என்ன வாசிக்கிறான் என்பது காதில் விழுகிறது, ஏனென்றால் அவன் சத்தமாக வாசித்தான்.

துறவு மடங்களில் இதற்கு அசைபோடுதல் என்றே பெயர் வைத்தார்கள். மாடு மேய்ந்ததை நிழலில் படுத்து மறுபடியும் வாய்க்குக் கொண்டுவந்து மெல்லுமே, அதுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குயிகோ என்ற துறவி இதை நான்கு படி உள்ள ஏணியாகச் சொன்னார்: வாசிப்பு, தியானம், ஜெபம், பிறகு கடவுளின் முன் சும்மா இருத்தல். நான் அதைப் படிவரிசையாகப் பின்பற்றுவதில்லை, நிஜத்தில் அது வரிசையாக வருவதும் இல்லை. ஆனால் வாய்விட்டு வாசிப்பதை மட்டும் விடுவதில்லை. கண் ஒரு வரியைத் தாண்டிப்போகும், வாயால் தாண்டிப்போக முடியாது. அதோடு வசன எண்களையும் அதிகார எண்களையும் கொஞ்சம் மறந்துவிடுங்கள். அதிகாரப் பிரிவுகள் பதிமூன்றாம் நூற்றாண்டில் வந்தவை, இன்று நாம் பயன்படுத்தும் புதிய ஏற்பாட்டு வசன எண்களை ராபர்ட் எத்தியேன் என்ற அச்சாளர் 1551-ல் போட்டார். மாற்கு எழுதியபோது பெத்சாயிதாவுக்கும் எரிகோவுக்கும் நடுவில் எந்த எண்ணும் இல்லை.

சரி, ஆவியானவர் போதும், வேறு புத்தகம் வேண்டாம் என்ற பேச்சுக்கு வருவோம். அதைச் சொன்னவரின் வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். ஜென்மசுபாவமான மனுஷன் ஆவிக்குரியவைகளை ஏற்றுக்கொள்ளான் என்று பவுலே எழுதியிருக்கிறார். ஆனால் வேதமே காட்டும் காட்சிகளைப் பாருங்கள். அந்த மந்திரியிடம் பிலிப்பு, வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்டபோது அவன் கோபப்படவில்லை. ஒருவர் சொல்லிக்கொடுக்காவிட்டால் எப்படி விளங்கும் என்று சொல்லி, ஏறி வந்து உட்காரும்படி கூப்பிட்டான். பிலிப்புவை அங்கே அனுப்பியவர் ஆவியானவர்தான். அவர் நினைத்திருந்தால் நேரடியாக அவன் மனதில் விளக்கியிருக்கலாம். ஒரு மனுஷனை வெயிலில் ஓட வைத்தார். நெகேமியா எட்டாம் அதிகாரத்திலும் அப்படித்தான். லேவியர்கள் ஜனங்களுக்கு வாசித்து, அர்த்தஞ்சொல்லி, விளங்கப்பண்ணினார்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது இரண்டையும் ஒரே வரியில் வைத்துவிடுகிறார்: "நான் சொல்லுகிறவைகளைச் சிந்தித்துக்கொள், கர்த்தர் எல்லாக் காரியங்களிலும் உனக்குப் புத்தியைத் தந்தருளுவார்." சிந்திப்பது நீ, புத்தி தருவது அவர். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆகவே நல்ல விளக்கவுரை ஒன்று கையில் இருந்தால் பயப்படாமல் திறங்கள். ஒரே ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் வசனம், உங்கள் சொந்தக் கேள்விகள், அப்புறம்தான் விளக்கவுரை. முதலிலேயே விளக்கவுரையைத் திறந்தால் இன்னொருவர் கண்ட மாற்குவைத்தான் நீங்கள் காண்பீர்கள்.

மூல மொழிகள் கற்க வாய்ப்பு இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள், அது ஆசீர்வாதம். கற்காதவர்களுக்குக் கதவு அடைபட்டிருக்கிறது என்பது மட்டும் உண்மையல்ல. யோவான் சுவிசேஷத்தில் பேதுரு மூன்று தரம் மறுதலித்த முற்றத்தில் ஊழியக்காரர் கரிநெருப்பு போட்டுக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் சீஷர்களுக்கு மீன் சுட்டு வைத்திருந்ததும் கரிநெருப்பின் மேல்தான். அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடத்தில் மட்டுமே வருகிறது. நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் இரண்டு இடத்திலும் "கரிநெருப்பு" என்றே வைத்திருக்கிறது. தமிழில் வாசிக்கிறவருக்கும் அந்த வாசனை கிடைக்கும். பேதுருவுக்கு எப்படி இருந்திருக்கும்! தான் தவறிய அதே நெருப்பின் அருகில், மூன்று தரம் "நீ என்னை நேசிக்கிறாயா" என்ற கேள்வி.

மொழி தெரியாதவர்கள் இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். யோவான் 5:39-ஐப் பழைய மொழிபெயர்ப்பு "வேதவாக்கியங்களை ஆராய்ந்துபாருங்கள்" என்று கட்டளையாகச் சொல்கிறது. திருவிவிலியம் என்ற பிற்கால மொழிபெயர்ப்பு அதையே, துருவித் துருவி ஆய்ந்து பார்க்கிறீர்களே என்று ஆதங்கமாகச் சொல்கிறது. மூலத்தில் அந்த வினை இரண்டாகவும் இருக்கக்கூடியது. ஆனால் எப்படி எடுத்தாலும் அடுத்த வரி மாறாது: ஜீவன் உண்டாகும்படி என்னிடத்தில் வர உங்களுக்கு மனதில்லை. இயேசு இதைச் சொன்னது எழுத்து எழுத்தாக வேதம் தெரிந்த யூதர்களிடம். வேதம் யாரைக் காட்டியதோ அவர் எதிரில் நின்றபோது அவர்களுக்கு ஆளைத் தெரியவில்லை. இதை எழுதும்போது எனக்கே நடுக்கமாக இருக்கிறது, ஏனென்றால் வேதபாடம் எடுக்கிற என்னைப் போன்றவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்து, அதை எனக்கு வந்த வாக்குத்தத்தம் என்று பிடித்துக்கொள்வது. எரேமியா 29:11 எல்லாருக்கும் மனப்பாடம்: அவர் நம்மேல் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை. அது எங்கே வருகிறது என்று பாருங்கள். கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சாரால் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று எல்லாருக்கும் பிடித்த செய்தியைச் சொல்கிறான். அது கர்த்தர் சொல்லாதது. எரேமியாவின் கடிதமோ, வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள், எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அந்த எழுபதுக்கு அடுத்த வரிதான் நம்முடைய மனப்பாட வசனம். கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் திரும்பிப் போவதைக் காணாமலே இறந்திருப்பார்கள். வசனம் இதனால் சிறியதாகவில்லை, எனக்கு அது இன்னும் பெரியதாகத்தான் ஆயிற்று. என் ஆயுசுக்குள் அடங்காத ஒரு நன்மையைத் தேவன் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும், அதற்கு நடுவில் நான் வீடு கட்டித் தோட்டம் போட வேண்டும்.

இயேசுவைச் சோதித்தபோது பிசாசும் வசனம் சொன்னான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூற்றோராம் சங்கீதம், அருமையான சங்கீதம். இயேசு அந்தச் சங்கீதத்தைத் தள்ளவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே" என்றார். அந்த "என்றும்" என்ற சொல்லில் இருக்கும் "உம்" எனக்கு வேதபாட வகுப்பு முழுவதற்கும் சமம். எந்த வசனத்தையும் இன்னொரு வசனம் பக்கத்தில் நின்று தாங்குகிறது, சில நேரம் கையைப் பிடித்துத் தடுக்கிறது.

இதைக் கற்றுக்கொள்ளாமல் நான் ஒருவரைப் புண்படுத்தியிருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், அடக்கம் முடிந்த அன்றே, தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று சொன்னேன். வசனம் சரி. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதே ரோமர் நிருபத்தில் சில பக்கம் தள்ளி, "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று எழுதியிருக்கிறது. அன்று எனக்குரிய வசனம் அதுதான். பிற்பாடு மன்னிப்புக் கேட்டேன். பழங்காலத் திருச்சபைப் போதகரான அகஸ்தீன் வேத விளக்கம் பற்றி எழுதிய நூலின் முதல் பாகத்தில் ஒரு அளவுகோல் தருகிறார்: வேதத்தை விளங்கிக்கொண்டதாக நினைக்கிறவன், அந்தப் புரிதலால் தேவன்மேலும் பிறன்மேலும் அன்பைக் கட்டி எழுப்பவில்லையென்றால், அவன் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை. என் வீட்டு மேஜையில் அந்தக் கருத்தை எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த அகஸ்தீனே வாலிபத்தில் வேதத்தை எடுத்துப் பார்த்து, ரோமப் பேச்சாளர் சிசரோவின் நடையழகுக்கு முன் இது நிற்காது என்று மூடி வைத்தவர். 386-ல் மிலானில் ஒரு தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது, எடுத்து வாசி என்று ஒரு குழந்தைக் குரல் கேட்டு ரோமர் நிருபத்தைத் திறந்தார், மீதி வரலாறு. புத்தகம் மாறவில்லை, நடுவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் அவர்தான் மாறியிருந்தார்.

அடுத்தது கீழ்ப்படிதல். இதைக் கடமை போலச் சொல்ல வரவில்லை, புரிதலுக்கு அது ஒரு வழி என்பதால் சொல்கிறேன். தேவனுடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன் எவனோ அவன் இந்த உபதேசத்தை அறிந்துகொள்வான் என்று யோவான் ஏழாம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். நாம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம்: முதலில் விளங்கட்டும், அப்புறம் செய்யலாம். மலைப்பிரசங்கத்தில் காணிக்கை செலுத்த வந்தவனைப் பற்றிய பகுதியை நான் பிரசங்கமே செய்திருக்கிறேன். என் அண்ணனோடு எனக்குச் சில வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத நாட்கள் அவை. ஒரு காலையில் அதை வாய்விட்டு வாசித்தபோது ஓர் இடத்தில் இடறினேன். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" என்று இருக்கிறது. எனக்கு அவன்மேல் குறை என்றில்லை, அவனுக்கு என்மேல் குறை. நான் அத்தனை நாளும் என் மனதில் இருந்த குறையைத்தான் மன்னித்து மன்னித்து ஜெபித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு என்மேல் என்ன வருத்தம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் போனேன். எனக்குத் தெரியாத இரண்டு விஷயங்களை அண்ணன் சொன்னார், இரண்டிலும் தப்பு என்னுடையது. திரும்பி வந்து அந்தப் பகுதியை மறுபடி வாசித்தபோது, காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ என்று இயேசு ஏன் அவசரப்படுத்தினார் என்பது தெரிந்தது. எந்த விளக்கவுரையும் எனக்கு அதைத் தந்திருக்காது.

சில காலம் என்ன செய்தாலும் வறட்சியாகத்தான் இருக்கும், அதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இப்போது சொல்கிற வெறுமையில் ஒரு பங்கு வேகத்தால் வந்ததாக இருக்கலாம், ஒரு பங்கு இப்படிப்பட்ட காலமாகவும் இருக்கலாம். திருச்சபைச் சீர்திருத்தவாதியான லூத்தர் 1539-ல் எழுதும்போது, ஒருவனை வேதத்தில் தேறினவனாக்குவது மூன்று என்றார்: ஜெபம், தியானம், சோதனை. சோதனையை ஏன் சேர்த்தார் என்பது என் அப்பா படுக்கையில் இருந்த மாதங்களில் எனக்குப் புரிந்தது. எந்த ஆறுதல் வசனமும் உள்ளே இறங்கவில்லை. எண்பத்தெட்டாம் சங்கீதம் மட்டும் வாசிக்க முடிந்தது. மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியிலாவது நம்பிக்கைப் பக்கம் திரும்பும், அது திரும்புவதே இல்லை. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் இருள். அப்படி ஒரு ஜெபத்தையும் தேவன் தம்முடைய புத்தகத்தில் வைத்துக்கொண்டாரே என்பதுதான் அன்று எனக்குக் கிடைத்த ஒரே வெளிச்சம். ஒன்றும் உணராத நாளில் உணர்ந்தது போல எழுதிவைக்காதீர்கள். வாசித்தேன், ஒன்றும் தெரியவில்லை என்று தேதி போட்டு எழுதிவிட்டு எழுந்து போங்கள்.

தனியாகவும் நீண்ட நாள் வாசிக்க வேண்டாம். எம்மாவு ஊருக்குப் போகும் வழியில், உயிர்த்தெழுந்த இயேசு வேதத்தை விளக்கக் கேட்டு நடந்தவர்கள் இரண்டு பேர், அதனால்தான் பிற்பாடு "நம்முடைய இருதயம் நமக்குள்ளே கொழுந்துவிட்டு எரியவில்லையா" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள முடிந்தது. மூன்று நான்கு பேர் போதும். அதிகம் படித்தவர்களாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பர்திமேயு தன் மேல் வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்தான் என்று நாங்கள் வாசித்த அன்று, எங்கள் குழுவில் அதிகம் பேசாத ஒரு பெரியவர், குருடன் ஒன்றை எறிந்தால் திரும்பக் கண்டுபிடிக்க முடியாதே, அவன் பார்வை கிடைக்கும் என்று நிச்சயமாக நம்பியிருக்க வேண்டும் என்றார். அத்தனை வருஷம் அதை எழுதியும் பேசியும் வந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

இனி நடைமுறைக்கு. இந்த வருஷ வாசிப்பு அட்டவணையை ஓரமாக வையுங்கள். மாற்கு 8:14 முதல் 10:52 வரை மட்டும், ஆறு வாரம். ஒரு நாளுக்கு ஒரு சம்பவத்துக்கு மேல் போக வேண்டாம். வாய்விட்டு இரண்டு தரம் வாசியுங்கள், பிறகு நோட்டில் அந்தப் பகுதியைக் கையால் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வரும் சொல்லையும், உங்களுக்கு உறுத்தும் இடத்தையும் அடிக்கோடிடுங்கள். உறுத்துகிற இடத்தைச் சமாதானம் சொல்லி மூடிவிடாதீர்கள், கேள்வியாகவே எழுதி வையுங்கள். பிறகு அந்தக் கேள்வியையே ஜெபமாகக் கேளுங்கள். அந்த நாளில் செய்யக்கூடிய ஒன்று அதில் இருந்தால் அதைப் பொழுது சாய்வதற்குள் செய்துவிடுங்கள். பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாகத் தோன்றினால் எளிய மொழிபெயர்ப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், அதில் தவறே இல்லை.

பத்தாம் அதிகாரத்தின் ஐம்பத்தோராம் வசனத்துக்கு வரும்போது அந்த நாள் வேறு எதையும் வாசிக்க வேண்டாம். அவர் அவனிடம் கேட்ட கேள்வியை உங்களிடம் கேட்டதாக வைத்துக்கொண்டு, பதிலை ஒரே வரியில் எழுதுங்கள். அடித்து எழுதினாலும் பரவாயில்லை. நான் நான்கு தரம் அடித்து எழுதினேன்.